சுவருக்குள்ளிருந்து வந்த அழைப்பு

திருவிடந்தை பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது போன். பக்கத்து ரிசார்ட்டிலிருந்து.

"மேடம், உங்க கடல் கவிதை சூப்பர்! சனிக்கிழமை எங்க பீச்ல வந்து படிக்கணும். கூட ஒரு கெஸ்ட்டும் வரலாம்."

அந்தக் கவிதை முதலில் செய்தியாகத்தான் இருந்தது. மீனவர்கள் கடலுக்கு நடந்துபோன பாதையை உள்ளே வைத்து இதே ரிசார்ட் சுவர் எழுப்பியதை எங்கள் பத்திரிகைக்கு எழுதிக் கொடுத்தேன். "இப்ப வேணாம்மா" என்று ஆசிரியர் ஓரங்கட்டிவிட்டார். ஆற்றாமையில் கவிதையாக்கி இங்கே என் பக்கத்தில் போட்டேன். லைக் குவிந்தது. சுவர் அப்படியே நிற்கிறது.

சுவர் கட்டியவர்களுக்கே பிடித்துப்போகிற மாதிரி எழுதியிருக்கிறேன் என்பதுதான் உறுத்துகிறது.

பக்கத்தில் மீன் கூடையோடு செல்வி அக்கா. அந்தச் செய்திக்காக என்னிடம் பயப்படாமல் பேசியவர். விஷயத்தைச் சொல்லி, "போக மாட்டேன்க்கா" என்றேன்.

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நான் சொன்னது ஒண்ணுகூட பேப்பர்ல வரல. இப்ப அவனே கூப்புட்றான், வேணான்றியே? கூட ஒரு ஆளு வரலாம்னான்ல? என்னை இட்டுக்கினு போ. எங்க வழி உள்ள இன்னும் கீதான்னு பாத்துட்டு வரேன்."

ரிசார்ட்டுக்குத் திரும்பக் கூப்பிட்டு, வருகிறேன் என்றேன். கெஸ்ட் பெயர் கேட்டார்கள், சொன்னேன்.

"அவங்களும் கவிஞரா மேடம்?"

ஆமாம் என்றுவிட்டேன். முதலில் அவரே பேசட்டும் என்றும் சொல்லிவிட்டேன்.

அக்கா கையிலிருந்து மைக்கைப் பிடுங்க அவர்களுக்கு எவ்வளவு நேரமாகும் என்று நினைக்கிறீர்கள்?