பாதியில் நின்ற நாடா

எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள் நான். தறியில் புடவையின் உடலைக் கணவர் நெய்வார். பக்கத்தில் உட்கார்ந்து கரையை நான் நெய்வேன். அன்று காலை ஊடை இழையோடு அவர் தள்ளிய நாடாக் கட்டை என் பக்கம் வராமல் மூன்று முறை பாதியில் நின்றது. நிமிர்ந்தேன். அவர் வாய் கோணியிருந்தது.

“கையத் தூக்குங்க.”

வலது கை எழவில்லை.

“வாயுதாம்மா. புறா ரத்தம் தேச்சா சரியாப்பூடும். சும்மா பயந்துக்கினு இருக்காத,” என்றார் மாமியார்.

நான் கேட்கவில்லை, குதிரை வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். “ரத்தக் கொதிப்பால வந்த பக்கவாதம். உடனே வந்ததுதான் நல்லது. உப்பைக் குறைக்கணும்,” என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்தபின், அவர் வலது கையில் அறுந்த பட்டிழைகளைக் கொடுத்துத் தினமும் முடிச்சுப் போடச் சொன்னேன். “பூனைகூட இதவிட நல்லா போடும்மே,” என்று அவரே சலித்துக்கொள்வார்.

மறு வருஷம் நாடா மறுபடி என் கைக்கு வந்து சேர்ந்தது. மாமியார் தெருவெல்லாம் சொன்னார்: “எம்மருமவ பயந்தாளே, அதாலதான் எம்புள்ள தறியில குந்திக்கினு இருக்கான்!”