நேர்க்கோடாக ஓடிய வரைபடம்

அந்த வரைபடத்தைப் பார்த்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தொண்ணூறுகளின் பின்பாதி. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரத்தில் ஓர் ஆய்வுக்கூடம். அங்கே வெப்பம் தாங்கும் பிசின் தயாரிப்பதுதான் என் முனைவர் பட்ட வேலை. ஒருமுறை சூட்டில் இறுகிவிட்டால் பிறகு உருகாத வகை. மூன்று வருடமாக நான் செய்ததெல்லாம் முந்நூறு டிகிரியிலேயே எடை குறைந்து புகையாகிப் போனது. இந்தப் புதுப் பிசினின் எடை வரைபடமோ எண்ணூறு வரைக்கும் துளிகூட இறங்காமல் நேர்க்கோடாக ஓடியிருந்தது.

எங்கள் கூடத்தில் எதையும் மூன்று முறை சுட்டுப் பார்த்துத்தான் நம்புவார்கள். சூடேற்றிக்கொண்டே எடை பார்க்கும் கருவியை இயக்கிய அக்கா இரண்டாவது முறைக்குத் தயாரானார். "இதுவே போதும்க்கா" என்றேன். மறுபடி ஓட்டினால் அந்த அழகு கெட்டுவிடுமோ என்ற பயம்தான், வேறென்ன? என் வழிகாட்டி அன்றே கருத்தரங்குக்குக் கட்டுரை எழுத உட்கார்ந்துவிட்டார்.

அக்கா கடப்பாக்கத்துக்காரர், தற்காலிக ஊழியர். அவரை நிரந்தரமாக்கும் கோப்பு அந்த வாரம்தான் வழிகாட்டியின் மேசைக்கு வந்திருந்தது. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வந்து எனக்காக வாசலில் நின்றிருந்தார்.

"கிண்ணம் கழுவ சொல்லோ பாத்தேம்மா. உன் பிசின் தூளு சுடாம அப்படியே கீது. முந்தாநாளு சுட்ட கரியத்தான் மறுக்கா ஏத்திக்கீறேன். ரெண்டும் கருப்பு, தெரியல. எரிஞ்சி முடிஞ்சது இன்னாத்துக்குக் குறையும்?"

பேசாமல் கழுவிக் கவிழ்த்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அவரோ நேராக வழிகாட்டியின் அறைக்கு நடந்தார். நான் பின்னால் போனேன். அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு நெஞ்சுரத்தை நான் பார்த்ததில்லை. இப்போது நினைத்தாலும் மலைப்பாக இருக்கிறது.

வழிகாட்டி முழுவதையும் கேட்டுவிட்டு, "ஏம்மா, இன்னொரு தடவை ஏன் ஓட்டல?" என்றார்.

"தப்பு என்னுதுதான் சார்" என்றார் அக்கா.

வழிகாட்டி மேசைமேல் இருந்த அக்காவின் கோப்பினை மூடி ஓரமாக வைத்தார். அன்று மதியமே என் பிசினை மூன்று முறை ஓட்டினோம். நானூறைத் தாண்டித்தான் எடை இறங்கத் தொடங்கியது. அதுவே நல்ல முடிவு. எனக்குப் பட்டமும் கிடைத்தது. அக்காவின் கோப்பு அதன்பிறகு நான்கு வருடம் நகரவில்லை.

இப்போது என் மாணவர்கள் மூன்று முறை ஓட்டாமல் வந்தால் திருப்பி அனுப்பிவிடுகிறேன். கறாரான மேடம் என்று பெயர். அன்று போதும் என்று நிறுத்தியது நான்தான் என்று அக்கா வழிகாட்டியிடம் சொல்லவில்லை. பக்கத்திலேயே நின்றிருந்த நானும் வாயைத் திறக்கவில்லை.