செவ்வாய்க்கிழமை முதல் பீரியட்

துப்பறியும் கதை நடத்தும் ஆர்வத்தில் அட்டெண்டன்ஸ் எடுக்கவே மறந்துபோன முட்டாள் வாத்தியார் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இடஒதுக்கீடு கேட்டு, மரங்களை வெட்டிப் போட்டுச் சாலைகளை மறித்த போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த சமயம். கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரியில், சந்தேகம் ஏன் முதலில் ஏழை மேலேயே விழுகிறது என்பதை ஒரு கொலைக் கதையை வைத்து விளக்கிக்கொண்டிருந்தேன்.

கடைசி பெஞ்சில், வெள்ளிமலை என்ற மலைக்கிராமத்திலிருந்து வந்த மாணவர் ஒருவர் இருப்பார். ஒல்லியான உடம்பு, கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை. நான் சொல்வதையெல்லாம் தேதியும் மணியும் போட்டு எழுதிக்கொள்வார். என் மேதைமையில் மயங்கிவிட்டார் என்று நினைத்திருந்தேன்.

புதன்கிழமை வகுப்பு வாசலில் போலீஸ்காரர் ஒருவர் வந்து நின்றார்.

"நேத்து காலைல சின்னசேலம் ரோட்டுல மரத்த வெட்டிப் போட்டுக்கீறானுங்க. வெட்டுனத பாத்தா மலைக்காரன் கைதான். இங்க எவன்யா மலைக்காரன்?"

மாணவர் எழுந்தார்.

"நேத்து காலைல இவன் என் கிளாஸ்லதாங்க இருந்தான்," என்றேன்.

"அட்டெண்டன்ஸ காட்டுங்க."

செவ்வாய்க்கிழமைக் கட்டம் முழுக்கக் காலி. மாணவர் தன் நோட்டை நீட்டினார். போலீஸ்காரர் சத்தமாகப் படித்தார்: "செவ்வாய், பத்தே கால். சார் ஜோக்: கதையில் போலீஸ் கடைசியில் வரும், நிஜத்தில் தப்பான வீட்டுக்கு வரும்."

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இத நீங்க சொன்னீங்களா?"

ஆமாம் என்றால் எனக்கு வம்பு. இல்லை என்றால் மாணவருக்கு லாக்கப்.

"நான்தாங்க சொன்னேன்."

என்னை முறைத்துவிட்டு, நோட்டை மேசைமேல் வீசிவிட்டுப் போனார்.

வியர்வையைத் துடைத்தபடி மாணவரிடம் கேட்டேன்: "ஏம்ப்பா, என் ஜோக்கைக்கூடவா மணி போட்டு எழுதி வைப்ப?"

"நீங்க மலையில பொறக்கலீங்க, சார்."