இரண்டு முறை தாலி கட்டிய ஆறுமுகம் அத்தான்

ஆறுமுகம் அத்தான் இறந்துவிட்டார் என்று ஜாசினில் இருக்கும் எங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசி வந்தபோது, நான் உடனே நம்பவில்லை. "யார் பார்த்தது? நீயே பார்த்தாயா?" என்று அக்காள் மகனைத் துருவித் துருவிக் கேட்டேன். துக்கம் சொல்பவனிடம் கேட்கிற கேள்வியா இது என்று பக்கத்து மேசைக்காரி முறைத்தாள். அவளுக்கு எங்கள் குடும்பக் கதை தெரியாது. அத்தான் விஷயத்தில் நாங்கள் ஏற்கெனவே ஒருமுறை ஏமாந்தவர்கள்.

அவர் என் அக்கா பாக்கியத்தின் கணவர். செலண்டாருக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் மரத்துப் பால் ஏற்றும் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர், பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தார். அங்கேயும் லாரிதான். "பால் ஏத்தினா ஒரு சம்பளம், ஆள் ஏத்தினா ஒரு சம்பளம், குழி மட்டும் ரெண்டு ரோட்டுலயும் ஒண்ணுதான்லா" என்பார். என்னை ஒருநாளும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. தோட்டத்தில் கணக்கப்பிள்ளையைக் கிராணி என்பார்கள். நான் அலுவலக வேலைக்குப் போனதிலிருந்து அவருக்கு 'கிராணியம்மா' ஆகிவிட்டேன்.

கல்யாணமாகி ஓராண்டு நிறைவதற்குள் அவரைச் சரவாக் எல்லைக்கு அனுப்பிவிட்டார்கள். இந்தோனேசியாவோடு மோதல் நடந்த காலம் அது. அத்தானுக்குக் கடிதம் எழுதும் பழக்கம் கிடையாது. அதனால் பல மாதங்கள் தகவலே இல்லை. அப்போது பக்கத்துத் தோட்டத்துப் பட்டாளக்காரர் ஒருவர் விடுப்பில் வந்தார். அத்தானின் லாரி கண்ணிவெடியில் சிக்கிவிட்டது, ஓட்டியவர் பிழைக்கவில்லை என்று சொல்லிவிட்டு அழுதார். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. லாரி அத்தானுடையதுதான்.

அரசாங்கத்திடமிருந்து எந்தச் செய்தியும் வரவில்லை. கொஞ்சம் பொறுக்கலாம் என்று அக்கா கெஞ்சினார். ஆனால் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. கோயில் தலைவர் அத்தானுக்குச் சொந்தப் பெரியப்பா. பங்காளி வீட்டுச் சாவுத் தீட்டு கழியாமல் அவர் கையில் காப்புக் கட்ட முடியாது. கையில் காப்பு இல்லாத தலைவரை அம்மனும் மதிக்கமாட்டாள், ஆட்களும் மதிக்கமாட்டார்கள்.

"சர்க்கார் சேதி வர்ற வரைக்கும் மாரியாத்தா காத்துக்கிட்டு இருப்பாளா?" என்று கேட்டார் பெரியப்பா. உடல் இல்லாததால் வைக்கோல் உருவம் கட்டி எரிப்பது என்று முடிவானது.

ரப்பர் தோட்டத்தில் வைக்கோலுக்கு எங்கே போவது? லாலான் புல்லை அறுத்து வந்து உருவம் கட்டினார்கள். அத்தான் விட்டுப்போன நல்ல சட்டையை அதற்குப் போட்டுக் கொள்ளி வைத்தார்கள். கருமாதியும் முறைப்படி நடந்தது. பெண்கள் அக்காவைச் சுற்றி உட்கார்ந்து, தாலியைக் கழற்றிப் பால் கிண்ணத்தில் போட்டார்கள். கழற்றவிடாமல் அக்கா இரண்டு கைகளாலும் கழுத்தைப் பொத்திக்கொண்டிருந்ததும், கைகளை அவர்கள் பிரித்ததும் எனக்கு இன்றும் ஆறாத விஷயம்.

திருவிழா சிறப்பாக முடிந்தது. தோரணம் காய்வதற்குள், மத்தியான பஸ்ஸில் வந்து இறங்கித் தோட்டத்துச் சடக்குப் பாதையில் அத்தான் நடந்து வந்தார். பட்டாள உடை, தோளில் பை, கையில் ஒரு பிஸ்கட் டின். பார்த்தவர்கள் ஓடிய ஓட்டத்தில் பால் வாளிகள் உருண்டன. பெரியப்பா மட்டும் ஓடவில்லை. லயத்து வீடுகளின் முனையில் கையை நீட்டி அவரை மறித்தார்.

"அங்கேயே நில்லு. உனக்குக் கருமாதி முடிஞ்சிருச்சு."

"யாரைக் கேட்டு முடிச்சீங்க?" என்றார் அத்தான்.

செத்தவனுக்கு உரியதெல்லாம் செய்து முடித்த பிறகு, அவன் அப்படியே வீட்டுக்குள் நுழைய முடியாது, மறுபடியும் பிறந்துதான் வரவேண்டும் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். கோயிலுக்குப் பின்னால் மஞ்சள் நீர் ஊற்றிக் குளிப்பாட்டினார்கள். பலாமரக் கிளையில் சேலையால் தொட்டில் கட்டி, அந்த ஆறடி ஆளைக் குழந்தையாகப் படுக்கவைத்தார்கள். பெண்கள் அழுதுகொண்டே சிரித்து, சிரித்துக்கொண்டே தாலாட்டுப் பாடினார்கள். பாட்டு முடிவதற்குள் சேலை கிழிந்து குழந்தை தரையில் விழுந்தது. புதுப்பிறப்புக்குப் புதுப்பெயர் வைக்கவேண்டும் என்றார் பெரியப்பா.

"பேரை மாத்தினா கேம்ப்புக்குள்ள விடமாட்டாங்க பெரியப்பா. பழசே போதும்லா. என் சட்டையை எரிச்சீங்களே, அதுக்கு ஒரு புதுசு எடுத்துக் குடுங்க."

மறுநாள் அவருக்கும் அக்காவுக்கும் மறுபடி கல்யாணம். மஞ்சள் கயிற்றைக் கட்டியபோது எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "பாக்கியம், இனிமே யாரு வந்து சொன்னாலும் இதைக் கழட்டாத. நானே வந்து சொன்னாத்தான் கழட்டணும்." கூட்டம் கொல்லென்று சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. சரி என்று தலையை மட்டும் ஆட்டினார்.

பந்தி முடிந்த பிறகுதான் நடந்ததை அத்தான் சொன்னார். லாரி வெடித்த அன்று அவர் மலேரியாக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார். அவருடைய லாரியை எடுத்துப்போனவர் சவரிமுத்து. ஈப்போ பக்கத்துக்காரர், தாய் தகப்பன் இல்லாதவர். தமக்குச் செய்த சடங்கு வீண் போகவில்லை, வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறான் என்றார் அத்தான்.

"வேதக்காரப் பையனுக்கு நம்ம கருமாதி எப்படிடா போய்ச் சேரும்?" என்று இழுத்தார் பெரியப்பா.

"குண்டு மட்டும் லாரி யாரோடதுன்னு கேட்டுக்கிட்டா வெடிச்சுச்சு?"

தமக்குக் கருமாதி நடந்த அதே நாளில் ஆண்டுதோறும் அத்தான் சவரிமுத்துவுக்குப் படையல் போட்டார். ஆட்டுக்கறி, பால் இல்லாத கோப்பி ஓ, ஒரு சிகரெட். சூடத்துக்குப் பக்கத்தில் ஒரு மெழுகுவத்தியும் எரியும். "கும்பிட்டுக்குங்க, உங்க சித்தப்பா" என்று பிள்ளைகளைக் கூப்பிடுவார். முகம் தெரியாத அந்தச் சித்தப்பாவுக்குப் பரீட்சைக்கு முன்னால் வேண்டுதல் வைத்துத்தான் அக்காள் பிள்ளைகள் வளர்ந்தார்கள்.

பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று, கடைசிக் காலத்தில் சுங்கை ஊடாங்கில் எண்ணெய் ஆலை வாசலில் ஜாகாவாகக் காவல் வேலை பார்த்தார். லாரிகளுக்குக் கதவு திறந்துவிடும் வேலை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் கோயில் மண்டபத்தில் இளைஞர்கள் முன்னாள் பட்டாளத்தாருக்கு விழா எடுத்தார்கள். பொன்னாடை போர்த்திய தம்பி, "நாட்டுக்காக உயிரையே தந்த ஐயாவுக்கு எப்படி நன்றி சொல்வோம்!" என்று ஒலிபெருக்கியில் உருகினார்.

அத்தான் ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டார். "தம்பி, குடுத்தவன் வேற. நான் குடுக்கிறேன்னு போயி, பத்திரமா எடுத்துக்கிட்டு வந்துட்டவன். சவரிமுத்துன்னு ஒருத்தன், அவனுக்குச் சொல்லுங்க. எல்லாரும் கொஞ்சம் எந்திரிச்சு நில்லுங்கலா."

மண்டபம் எழுந்து நின்றது. அந்தப் பொன்னாடையை அந்த ஆண்டுப் படையலில் இலைக்கு அடியில் விரித்துவிட்டார். பட்டுப் பொன்னாடையில் கறிக்குழம்பு சிந்துகிறதே என்று நான்தான் அங்கலாய்த்தேன். "கிராணியம்மா, அது அவன் சால்வை, அவன் சிந்திக்கிட்டுப் போறான்" என்றார்.

சென்ற வாரம் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது உடல் வீட்டுக்கு வந்திருந்தது. அவரோடு வேலை பார்த்த பழைய பட்டாளத்தார் வந்திருந்தார்கள். மலாய்க்காரர், சீனர், நம்மவர் என்று நரைத்த தலைகள் வரிசையாக நின்று ஒன்றாகச் சல்யூட் அடித்தன.

அவர்கள் விலகியதும் பெண்கள் பால் கிண்ணத்தோடு வந்தார்கள். வந்தவர்கள் அக்காவின் அருகில் போகத் தயங்கி நின்றார்கள். கயிறு எப்போதோ தங்கச் சங்கிலியாக மாறியிருந்தாலும், அன்று கல்யாணத்தில் கூடியிருந்த கூட்டத்தின் முன் அவர் சொன்ன சொல் எல்லாருக்கும் நினைவிருந்தது. யார் வந்து சொன்னாலும் கழட்டாதே. நான் அக்காவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவை கழுத்தைப் பொத்திக்கொள்ளுமோ என்று பயந்தேன்.

அக்கா எழுந்து சவப்பெட்டிக்குப் பக்கத்தில் போனார். குனிந்து அத்தானின் முகத்தைப் பார்த்தார். நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"யாரும் தொட வேணாம். இந்தத் தடவ அவரே வந்து சொல்லிட்டாரு."

தம் கையாலேயே தாலியைக் கழற்றிப் பால் கிண்ணத்தில் வைத்தார்.

அத்தான், அன்று நாங்கள் லாலான் புல்லுக்கு அழுதோம். இன்று அழுவது உங்களுக்கு. சவரிமுத்து அண்ணனைப் பார்த்தால், நாங்களும் நன்றி சொன்னதாகச் சொல்லுங்கள். படையல் நாளில் இனி இரண்டு இலை போடச் சொல்லியிருக்கிறார் அக்கா.