பச்சை விளக்கு

வளப்பூர் நாடு என்ற மலைக் கிராமத்தில், மண்சரிவை முன்கூட்டியே சொல்லும் கருவியை வைத்த அன்று தேங்காய் உடைத்து, பெட்டிக்குச் சந்தனப் பொட்டும் வைத்தோம். ஆபத்து இல்லையென்றால் கம்பத்தில் பச்சை விளக்கு, இருந்தால் சிவப்பு. நாங்கள் நான்கு பேரும் பொறியாளர்கள். எங்களுக்குக் கருவி சொன்னால் மறுபேச்சு கிடையாது. ஆனால் சரியக்கூடிய மேட்டில், கருவி தகவல் அனுப்பத் தேவையான செல்போன் சிக்னல் எடுக்கவில்லை. எடுத்த இடம் பஸ் நிறுத்தம். அங்கேயே கருவியோடு கம்பத்தை நட்டுவிட்டு, மேட்டுக்கும் அதுவே போதும் என்று அறிக்கை எழுதினோம். எழுதியவன் நான்தான்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு காலை, கம்பத்தடியில் நின்றிருந்தேன். மேட்டடியில் குடியிருந்த ஒரு அக்கா நனைந்தபடி வந்தார். அவரும் கணவரும் இரண்டு மாடுகளுமாக அங்கே இருந்தார்கள்.

"ஏனுங்க சார், ஊத்துத் தண்ணி நேத்துலிருந்து செவப்பா வருதுங்க. மேட்டுல விரிசலும் கண்டிருக்குது. மாட்ட ஓட்டிக்கிட்டு எங்கண்ணன் ஊட்டுக்குப் போயிரலாமுன்னு பாக்குறோம்."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. இவ்வளவு பாடுபட்டுக் கருவி வைத்திருக்கிறோம், இவர் ஊற்றுத் தண்ணீரைப் பார்த்து ஜோசியம் சொல்கிறாரே! மேட்டுக்கு நடந்தால் பத்து நிமிடம். நான் நடக்கவில்லை. கம்பத்தைக் காட்டினேன்.

"பச்சையா எரியுது பாருங்கக்கா. பயப்படாம வீட்டுலயே இருங்க."

"படிச்சவங்க சொன்னாச் சரிங்க" என்று திரும்பிப் போனார். எதற்கும் இருக்கட்டும் என்று அவருடைய செல்போன் எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டேன். பொறுப்பாக நடந்துகொண்டதாக நினைப்பு வேறு.

மறுநாள் மத்தியானம் நான் நாமக்கல் அலுவலகத்தில் இருந்தபோது, மேடு சரிந்துவிட்டதாகத் தகவல் வந்தது. எல்லோரும் கணினியைச் சுற்றி நின்றார்கள். கருவி மண்ணுக்குள் போயிருக்குமோ என்றுதான் பேச்சு. உயிர்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த அக்காவைக் கூப்பிட்டேன். அன்று என் வாயில் முதலில் வந்ததை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

"அக்கா, கம்பத்துக்கு ஒன்னும் ஆகலையே?"

மழைச் சத்தத்துக்கு மேலே கத்திச் சொன்னார்.

"இல்லீங்க சார். மாடு ரெண்டும் மண்ணுல போயிருச்சுங்க. அவுத்துவுடப் போன எங்க ஊட்டுக்காரருக்குக் காலு நசுங்கிப்போச்சு. போர்வையில தூக்கியாந்து உங்க கம்பத்துக்குக் கீழதான் படுக்க வெச்சிருக்கோம். ஆம்புலன்ஸ் இன்னும் வரலீங்க. வெளக்கு பச்சையாத்தான் எரியுதுங்க."