முகத்தில் ஊதிய புகை

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று உண்டு. சம்பளச் சீட்டில் மட்டும் அது உயிரோடு இருக்கிறது. ராணுவச் சீருடை தைக்கும் அந்தக் கம்பெனியில் எல்லோருக்கும் அவள் மூக்கக்கா. பதினொரு வருஷமாகத் துணி சோதிக்கும் மேஜையில் நிற்கிறாள். பச்சையும் காவியும் கறுப்புமாகத் திட்டுத்திட்டாய் அச்சடித்த துணி. மானேஜர் வாய் நிறைய ‘கேமஃப்ளாஜ்’ என்பார். தைக்கிற பெண்களுக்கு அது திட்டுத்துணி.

திட்டுத்துணியில் கறையைக் கண்டுபிடிப்பது லேசில்லை. எண்ணெய் சிந்தினால் அதுவும் ஒரு திட்டு, பூஞ்சை பிடித்தால் இன்னொரு திட்டு. அதனால் அவள் துணியைப் புரட்டிப் போடுவாள். பின்பக்கம் அச்சு வெளிறிக் கிடக்கும். கறை மட்டும் துருத்திக்கொண்டு தெரியும். அப்படியும் சந்தேகம் தீராவிட்டால் குனிந்து மோந்து பார்ப்பாள். பட்டப்பேர் வந்தது அப்படித்தான்.

அவள் சோதித்துப் பாஸ் பண்ணிய துணியில் தைக்கும் ஒவ்வொரு சட்டைக்குள்ளும் அவளுடைய பதினேழாம் நம்பர் சீட்டு போகும். போன தடவை அவள் காய்ச்சலில் படுத்திருந்த நாலு நாளில், கண்ட துணிக்கெல்லாம் அவள் சீட்டை வைத்துத் தைத்து அனுப்பிவிட்டார்கள். போட்டுக்கொண்ட சிப்பாய்களுக்கு அக்குளிலும் தொடையிடுக்கிலும் புண். புகார் நேராகப் பதினேழைத் தேடி வந்தது.

“இன்னொரு கம்ப்ளெயின்ட் வந்துச்சு, நீ வீட்டோட இருந்துக்க வேண்டியதுதான்” என்றார் மானேஜர் பல்லைக் குத்திக்கொண்டே. குத்தி எடுத்ததைக் குச்சி முனையில் ஒருதரம் பார்த்துவிட்டு மறுபடி வாயில் போட்டுக்கொண்டார்.

அந்த வாரம், கூரை ஒழுகி, பெருச்சாளிகள் குடித்தனம் நடத்திய கிடங்கு மூலையிலிருந்து நாற்பது ரோல் வந்து இறங்கியது. முதல் ரோலைப் பிரித்தாள். ஈரச் சாக்கு வாடை, மூத்திர வாடை, மடிப்புக்குள் நசுங்கிக் காய்ந்த ஒரு எலிக்குஞ்சு. துணியைப் புரட்டினாள். பின்பக்கம் முழுக்க மஞ்சள் வரைபடம்.

“இதைப் பாஸ் பண்ண முடியாது சார்.”

“முன்பக்கத்துல தெரியுதா?”

“தெரியல. நாறுது.”

“நாத்தம் ரிப்போர்ட்ல வராது. நாளைக்குத் துணி பாக்க ராணுவ ஆபீசர் வர்றாரு. சீட்டைப் போடு.”

பக்கத்து மிஷினில் இருந்த நாத்தனார் தலையைத் தூக்காமலே முணுமுணுத்தாள். “அண்ணி, உங்க மூக்கை ஒரு நாளைக்கு லீவு போடச் சொல்லுங்க. அண்ணன் வேலைக்குப் போயி ஆறு மாசமாச்சு.”

“சீட்டைப் போட்டா புகார் வந்து துரத்தும், போடாட்டி இந்த ஆளு துரத்துவான். எப்படியும் தெருவுலதான்டி நிக்கணும்.”

அன்றைக்கு ராத்திரி வீட்டில் சாப்பாட்டுத் தட்டை அப்படியே நகர்த்தி வைத்தாள். மூன்று தடவை சோப்புப் போட்டும் கையில் அந்த வாடை நின்றது. புருஷன் அவள் கையை இழுத்து மோந்தான். “சோப்பு வாசனைதானே வருது.”

“உங்களுக்கு என்னைக்கு எது தெரிஞ்சிருக்கு?”

மறுநாள் காலையில் கம்பெனியே புகை மண்டிக் கிடந்தது. மூலைக்கு ஒரு தகர டின்னில் மரத்தூளையும் வாசனைப் பொடியையும் போட்டுப் புகைய விட்டிருந்தார் மானேஜர். பெண்கள் எல்லாம் கண்ணைக் கசக்கி இருமிக்கொண்டிருந்தார்கள்.

“கொசு சார், ஒரே கொசு” என்று இளித்தார், வந்த ஆபீசரிடம்.

ஆபீசருக்கு ஓய்வு பெறுகிற வயசு, பேச்சில் ஆசை. டீயை உறிஞ்சிக்கொண்டே துணியின் முன்பக்கத்தைத் தடவினார். “இந்தக் கேமஃப்ளாஜ்ங்கற வார்த்தை எங்கேருந்து வந்துச்சு தெரியுமாம்மா? பிரெஞ்சுக்காரங்களோடது. வேஷம் போட்டு மறைக்கிறதுன்னு அர்த்தம். முதல் உலகப் போர்ல படம் வரையறவங்களைப் பட்டாளத்துல சேர்த்து, பீரங்கியெல்லாம் எதிரி கண்ணுக்குத் தெரியாதபடி பெயின்ட் அடிக்க வெச்சாங்க. அதுக்கும் முன்னாடி, தூங்கறவன் மூஞ்சியில காகிதத்தைச் சுருட்டிப் புகை ஊதற குறும்பு ஒண்ணு இருந்துச்சாம். அந்தப் பேர்லேருந்து வந்திருக்கலாம்னு சில பேர் சொல்றாங்க.”

மானேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். அவள் மேஜையில் கிடந்த ரோலை இழுத்தாள்.

“இங்கயும் அதேதான் சார் நடக்குது. உங்க மூஞ்சியிலதான் ஊதறாங்க” என்றாள். ரோலைப் பரபரவென்று பிரித்து, பின்பக்கம் மேலே வரும்படி புரட்டினாள். “கொஞ்சம் குனிஞ்சு மோந்து பாருங்க.”

ஆபீசர் குனிந்தார். டீ கிளாஸ் மேஜையில் கவிழ்ந்தது. கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டு குழாயடிக்கு ஓடியவர், திரும்பி வந்து நாற்பது ரோலையும் வேண்டாமென்று தள்ளிவிட்டார். போகும்போது மானேஜரிடம், “அடுத்த தடவை நான் வர்றப்போ இந்தம்மா இங்க இருக்கணும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இருக்கத்தான் செய்தாள். ஆனால் மேஜையில் இல்லை. அன்றைக்கே பட்டன் தைக்கும் வரிசைக்கு மாற்றினார் மானேஜர். “பதினேழைப் புதுசா வர்றவகிட்ட குடுத்துட்டுப் போ.”

“அவளுக்குப் புது நம்பர் அடிச்சுக் குடுங்க சார்” என்றாள். சீட்டுக் கட்டை எடுத்து, இன்னும் கனன்றுகொண்டிருந்த டின்னுக்குள் போட்டாள். கருகிய வாடை மானேஜர் பக்கமாகப் போனது.

பட்டன் வரிசையில் இப்போதும் ஒவ்வொரு சட்டையையும் முதலில் மோந்து பார்க்கிறாள். நாறினால் அந்தச் சட்டைக்குப் பட்டன் கிடையாது.