பிளேன் ஸுஹைனாவின் வெயில்

காத்தான்குடியில் ஸுஹைனா வீடு எது என்று கேட்டால் ஆறு வீட்டைக் காட்டுவார்கள். பிளேன் ஸுஹைனா என்று கேட்டால் சிரித்துக்கொண்டே வாவிக்கரையின் குறுகலான ஒழுங்கைக்குள் கையை நீட்டுவார்கள். இத்தனைக்கும் அவள் ஒருநாளும் விமானத்தில் ஏறியவள் அல்ல. விமானத்தோடு அவளுக்கு இருந்ததெல்லாம் பகைதான்.

அவள் உளுந்துப் பப்படம் போடுகிறவள். மாவை இடித்து, உருட்டித் தேய்த்து, பால்மா டின் மூடியால் வட்டம் வட்டமாக வெட்டி, மொட்டைமாடியில் பன்பாய் விரித்துக் காயப்போடுவாள். காகம் கொத்தாமல் இருக்க மேலே பழைய இறால் வலையைப் போர்த்துவாள். நல்ல வெயிலென்றால் ஒரு மணித்தியாலத்தில் வேலை முடிந்துவிடும். வெயில் மங்கினால் பப்படம் தொய்ந்துபோய்க் கிடந்து, இரண்டாம் நாள் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே வானத்தைப் பார்ப்பது அவளுக்குப் பொழுதுபோக்கல்ல, பிழைப்பு.

அந்த வானத்தில்தான் காலை எட்டு மணிக்குப் பிறகு விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். ஒழுங்கையில் பாதிப் பெண்களின் புருஷன்மார் வளைகுடாவில். மேலே விமானத்தைக் கண்டதும் அவர்கள் கையசைப்பார்கள். அது கொழும்பில் இறங்குவதில்லை, சிங்கப்பூர்ப் பக்கம் போகிறது என்று ஸுஹைனா எத்தனை தரம் சொன்னாலும் கேட்கமாட்டார்கள். அவள் கையசைப்பதில்லை, முறைப்பாள். விமானம் இழுத்துவிடும் வெள்ளைக்கோடு சில நாள் உடனே கரைந்துபோகும். சில நாள் கரையாது. அகன்று, பிய்த்துப்போட்ட பஞ்சாகி, பக்கத்துக் கோட்டோடு சேர்ந்துகொள்ளும். பத்து மணிக்குள் வானத்தில் மெல்லிய திரை விழுந்து சூரியன் வெளிறிப்போகும்.

"பிளேன் போறதுக்கும் உன்ட பப்படம் காயாததுக்கும் என்னகா சம்பந்தம்? மொட்டத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுறாய்" என்று பக்கத்து வீட்டு ஸஹீதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், ஸுஹைனாவின் புருஷன் நௌஷாட் கட்டாரில் பார்க்கும் வேலையே விமானங்களுக்கு எண்ணெய் ஊற்றுவதுதான். அவள் வாட்ஸ்அப்பில் குமுறியதும் பயந்துபோய் ஓர் எஞ்சினியரிடம் கேட்டு வந்து விளக்கினான்.

"அது புகையில்ல புள்ள. எஞ்சினால வாற நீராவி, மேல இருக்கிற குளிருல ஐசாகுது. அங்க காத்து காஞ்சிருந்தா உடனே மறைஞ்சிரும். ஈரமா இருந்தா நிண்டு பரவி மேகமாகிரும். வெயிலயும் கொஞ்சம் மறைக்கும்."

"அப்ப எண்ணெயும் ஊத்தி அனுப்பி, என்ட வெயிலுக்குத் திரை போடுறது நீங்கதானே!"

அன்றைக்கு அவன் பதினொரு தரம் மன்னிப்புக் கேட்டான்.

மேலே ஈரம் என்ற சொல்லை மட்டும் ஸுஹைனா கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அந்த வெள்ளைக்கோட்டு வால் குட்டையானால் வெயில், வால் நீண்டு நின்றால் மறுநாள் மழை என்று தானே ஒரு சாஸ்திரம் கட்டினாள். போர்வை தோய்க்கவும் நெல் அவிக்கவும் பெண்கள் அவளிடம் நாள் கேட்க ஆரம்பித்தார்கள். பலித்த நாட்களை அவள் எல்லோருக்கும் சொன்னாள். பலிக்காத நாட்களை நல்ல மனசோடு மறந்துவிட்டாள்.

இப்படி இருக்கையில் கலியாணச் சாப்பாடு எடுத்துச் செய்யும் முனாப் ஹாஜியார் மூவாயிரம் பப்படம் கேட்டார். வியாழக்கிழமை பின்னேரத்துக்குள் கொடுத்தால் இனி அவருடைய எல்லாப் பந்திக்கும் அவள் பப்படம்தான். நௌஷாட்டின் ஒப்பந்தமும் அதே வியாழக்கிழமையோடு முடிகிறது. இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுவதா, ஊருக்கு வந்துவிடுவதா? முனாப்பின் வேலை நிலைத்தால் வந்துவிடலாம் என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். ஒன்பது வருஷமாகத் துண்டு துண்டு லீவில் குடும்பம் நடத்தியாயிற்று. அவளுக்குப் புருஷன் வேண்டும், அவ்வளவுதான்.

புதன் பாதி, வியாழன் பாதி என்பது கணக்கு. புதன் காலை மாடியேறி அண்ணாந்து பார்த்தாள். நாலு வால், நாலும் கரையாமல் நின்றன. வெண்ணெய் திரண்டு வரும்போதா தாழி உடையவேண்டும்?

"நாளைக்கு மழைகா! எல்லாத்தையும் இண்டைக்கே காய வைக்கணும். சுறுக்கா வாங்க!"

ஒழுங்கையே திரண்டது. இடிக்கிறவள் இடித்தாள், வெட்டுகிறவள் வெட்டினாள். ஏழு வீட்டு மாடியிலும் பப்படம், கவிழ்த்துப்போட்ட தோணியில் பப்படம், பக்கீருடைய ஆட்டோவின் கூரையிலும் வலைக்கடியில் நாற்பது பப்படம். பத்து மணிக்கு அந்தப் பாழாய்ப்போன திரை விழுந்தது. எதை எடுத்தாலும் தொளதொளவென்று வளைந்தது. ஸுஹைனாவுக்கு அழுகை முட்டியது.

இதற்குள் பக்கீர் ஹயர் ஒன்று வந்ததென்று ஆளை ஏற்றிக்கொண்டு, கூரையில் இருந்ததை மறந்து கல்லடிப் பாலம்வரை போய்விட்டான். பாலத்தில் நின்றவர்களெல்லாம் கைதட்டியபோதுதான் அவனுக்கு நினைவு வந்ததாம். பேச்சு வாங்கத் தயாராகத் திரும்பி வந்தான். ஸுஹைனாவும் வாயைத் திறந்தபடியே ஒரு பப்படத்தை உருவினாள். அது சடக்கென்று ஒடிந்தது.

"காத்து! காத்துலயே காஞ்சிட்டு!" என்று நடு ஒழுங்கையில் நின்று குதித்தாள்.

பிறகு நடந்ததைக் கல்லடி இன்னும் சொல்லிச் சிரிக்கிறது. நாலு ஆட்டோவும் ஓர் உழவு இயந்திரப் பெட்டியும் இறால் வலை போர்த்துக்கொண்டு, பப்படம் சுமந்து, பாலத்துக்கும் காத்தான்குடிக்குமாகப் போய்க் கிறுகி வந்துகொண்டே இருந்தன. உழவு இயந்திரப் பெட்டியில் ஸஹீதா ராணி மாதிரி உட்கார்ந்து காகம் விரட்டினாள். பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லும்போது மூவாயிரமும் காய்ந்திருந்தன.

வியாழக்கிழமை ஒரு துளி மழை பெய்யவில்லை. மண்டையைப் பிளக்கும் வெயில்.

"எங்ககா உன்ட மழை?" என்று ஒவ்வொரு வீட்டிலிருந்தும் கேட்டார்கள். எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவள் ஸுஹைனாதான். முனாப் ஹாஜியார் ஒரு பப்படத்தை ஒடித்துப் பார்த்து, "இனி எல்லாப் பந்திக்கும் உன்ட பப்படம்தான் மகள்" என்று சொல்லிவிட்டுப் போனதும் பாய்ந்துபோய் போனை எடுத்தாள்.

"கையெழுத்துப் போடாதீங்க. ஹாஜியார் ஓம் எண்டிட்டார். வந்திருங்க."

நௌஷாட் தயங்கித் தயங்கி ஒப்புக்கொண்டான்.

"நான் திங்கக்கிழமையே போடமாட்டன் எண்டு சொல்லிட்டன் புள்ள. டிக்கெட்டும் எடுத்தாச்சு. ஞாயிறு வாறன்."

"திங்கக்கிழமையா? பப்படம் காயாமப் போயிருந்தா?"

"காயாட்டி, வந்து நானும் பக்கத்துல இருந்து விசிறியிருப்பன்."

திட்டத்தான் வாயைத் திறந்தாள். ஒன்பது வருஷத்து அழுகை முந்திக்கொண்டு வந்தது. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அழுதாள், சிரித்தாள், பிறகு மறக்காமல் திட்டினாள்.